குழாய் இல்லாத இடத்தில் இரண்டு இரவு: கிழக்கு சியராவில் கேம்பிங், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடத்துக்கு நான்கைந்து முறையாவது யாராவது ஒரு நண்பர் போன் செய்வார். "நீங்க போற அந்த மலைக்கு நாங்களும் போகலாம்னு இருக்கோம், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" அரை மணி நேரம் பேசுவேன். வைத்த பிறகுதான் முக்கியமான இரண்டை விட்டுவிட்டது ஞாபகம் வரும். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

நான் இருப்பது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில். எனக்குப் பழக்கமானது கலிபோர்னியாவின் கிழக்கு ஓரம்: 395ஆம் நெடுஞ்சாலை, அதன் மேற்கே சியரா நெவாடா, கிழக்கே வெள்ளை மலைகள், அதையும் தாண்டினால் டெத் வேலி பாலைவனம். கீழே இருப்பதெல்லாம் அந்த நிலத்துக்கான பதில்கள். அலாஸ்காவுக்கோ ஃப்ளோரிடா சதுப்புக்கோ இதை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ப்ரிமிட்டிவ் கேம்பிங் என்கிறார்களே, சாதாரண கேம்பிங்குக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண கேம்ப்கிரவுண்டில் குழாய், ஃப்ளஷ் கழிப்பறை, சில இடங்களில் வெந்நீர்க் குளியல் வரை உண்டு. ப்ரிமிட்டிவ் என்றால் அதில் பெரும்பாலானவை கிடையாது. இதிலேயே மூன்று படிகள் இருக்கின்றன. முதல் படியில் மேஜை, நெருப்பு வளையம், ஒரு குழிக் கழிப்பறை இருக்கும், தண்ணீர் இருக்காது. இரண்டாவது படிக்கு டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்று பெயர். தேசியக் காடுகளிலும் மத்திய அரசின் பொது நிலங்களிலும், தடை இல்லாத இடத்தில், மண் சாலை ஓரமாக நீங்களே இடம் பார்த்துத் தங்குவது. பொதுவாக 14 நாள் வரை, பெரும்பாலும் இலவசம். அங்கே கழிப்பறையும் கிடையாது. மூன்றாவது படி, எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நடந்து போய்த் தங்குவது. 1964இல் வந்த காட்டு நிலச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிள்கூட நுழையக் கூடாது. மனிதன் அங்கே வந்து போகும் விருந்தாளி மட்டும்தான் என்பது அந்தச் சட்டம் சொல்லும் இலக்கணம்.

முதல் முறை போகிறவர்கள் முதல் படியிலேயே நில்லுங்கள். நேராக மூன்றாவதுக்குப் போன இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். இரண்டு வீட்டிலும் டென்ட் இப்போது கராஜில் தூங்குகிறது.

சரி, எங்கே தொடங்கலாம்?

கிராண்ட்வியூ. பிக் பைன் என்ற சின்ன ஊரிலிருந்து 168ஆம் சாலையில் கிழக்கே 13 மைல் போய், வெள்ளை மலைச் சாலையில் இடப்பக்கம் திரும்பி இன்னும் ஐந்தாறு மைல் ஏற வேண்டும். கடைசி வரை தார்ச்சாலை. உயரம் 8,600 அடி, அதாவது சுமார் 2,600 மீட்டர். மேஜை உண்டு, குழிக் கழிப்பறை உண்டு. தண்ணீர் கிடையாது, முன்பதிவும் கிடையாது. முதலில் வந்தவருக்கு முதல் இடம், பெட்டியில் நன்கொடை போட்டுவிட்டு வரலாம்.

எனக்குப் பிடித்த காரணம் வேறு. அங்கிருந்து சில மைல் மேலே, 10,000 அடியில் ஷுல்மன் தோப்பு இருக்கிறது. பிரிசில்கோன் பைன் என்ற மரங்கள் அங்கே திருகி, முறுக்கி, பாதி பட்டுப்போய் நிற்கும். அவற்றில் மெதூசலா என்று பெயர் வைத்த ஒரு மரத்துக்கு 4,800 வருடத்துக்கு மேல் வயது. எது அந்த மரம் என்று பலகை வைக்கவில்லை. வைத்தால் ஆளுக்கொரு துண்டு உடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். தோப்புக்குள் கூடாரம் போட அனுமதி இல்லை. கிராண்ட்வியூவில் தூங்கி, காலையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

குளிர்காலத்தில் என்றால் டெத் வேலியின் வடகோடியில் இருக்கும் யூரேகா மணல்மேடு. பிக் பைனிலிருந்து சுமார் 50 மைல், கடைசி 10 மைல் மண் சாலை. சுமார் 680 அடி உயரத்துக்கு மணல் குவிந்து கிடக்கும். இருட்டிய பிறகு நம் மூச்சுச் சத்தமே நமக்குத் தொந்தரவாக இருக்கும், அவ்வளவு அமைதி.

கழிப்பறைக்கு என்ன செய்வது?

எல்லாரும் கேட்க நினைப்பது இதுதான், ஆனால் மூன்றாவது போனில்தான் கேட்பார்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

குழிக் கழிப்பறை இருந்தால் பிரச்சினை இல்லை. உள்ளே பேப்பர் தீர்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு போங்கள். இல்லாத இடத்தில் கைமண்வெட்டியால் குழி தோண்ட வேண்டும். ஆறு முதல் எட்டு அங்குலம் ஆழம், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. ஓடை, பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி, பெரியவர் நடையில் எழுபது எட்டு. முடிந்ததும் தோண்டிய மண்ணையே போட்டு மூடி, மேலே சருகோ கல்லோ வைத்துவிட வேண்டும். அதிகம் ஆழமாகத் தோண்டினால் நல்லது என்று நினைக்காதீர்கள். மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன.

பேப்பரைப் புதைக்கக் கூடாது. வறண்ட நிலத்தில் அது மக்காது. நாலு நாளில் எலியோ காற்றோ வெளியே இழுத்துப்போட்டுவிடும். ஜிப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வரவேண்டும். இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் கைகொடுக்கிறது. ஒரு சொம்புத் தண்ணீர், அல்லது மூடியில் ஓட்டை போட்ட பாட்டில், வேலை முடிந்தது. வெள்ளைக்கார நண்பர்கள் இதற்கென்றே பாட்டிலில் மாட்டும் மூடியைப் பத்து டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். கழுவியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சானிடைசர் மட்டும் போதாது. கை கழுவும் தண்ணீரும் ஓடையிலிருந்து தள்ளித்தான்.

மாதவிடாய் நாப்கின், குழந்தை டயப்பர் எதையும் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. கெட்டியான ஒரு பையை அதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கொஞ்சம் காபித்தூள் போட்டால் வாடை வராது.

விட்னி சிகரம் போன்ற சில இடங்களில் குழியும் தோண்டக் கூடாது, எல்லாவற்றையும் பையில் கட்டி இறக்க வேண்டும். அதற்கென்று உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பொடி போட்ட பைகள் உண்டு. கேட்கும்போது முகம் சுளிக்கும். ஒரு கோடைக்கு எத்தனை பேர் அந்தப் பாறையில் ஏறுகிறார்கள் என்று பார்த்தால் நியாயம் புரியும்.

எவ்வளவு தண்ணீர் எடுத்துப் போக வேண்டும்?

ஆளுக்கு நாளொன்றுக்கு 1 காலன், கிட்டத்தட்ட 4 லிட்டர். இது பூங்காக்காரர்கள் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு. நாலு பேர், மூன்று பகல் இரண்டு இரவு என்றால் 12 காலன். கடையில் நீல நிறத்தில் 7 காலன் கேன் கிடைக்கும். இரண்டு வாங்கினால் 14 காலன், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். நிரம்பிய கேன் ஒன்று 26 கிலோவுக்கு மேல் இருக்கும், முதுகை வளைத்துத் தூக்காதீர்கள். இது போக, காரில் யாரும் தொடாமல் ஒரு காலன் தனியாக இருக்க வேண்டும். அது குடிக்க அல்ல, வண்டி நின்றுபோனால் குடிக்க.

நாம் பருப்பு கழுவுவோம், அரிசி களைவோம், பாத்திரம் தேய்ப்போம். அந்தப் பழக்கங்களை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள். அரிசி பருப்பைக் கழுவிக் காயவைத்து டப்பாவில் போட்டுவிடலாம். தட்டை முதலில் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவினால் கால் பங்கு தண்ணீர் போதும்.

இன்னொரு விஷயம், நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அக்டோபர் கடைசியில் கிராண்ட்வியூவில் கேனை மேஜை மேலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலை ஐந்தரை மணி. அடுப்பு தயார், டிகாக்‌ஷன் பாட்டில் தயார், டபரா தயார். கேனின் குழாயைத் திருப்பினால் ஒரு சொட்டு வரவில்லை. குழாய்க்குள் பனிக்கட்டி. கேனை ஆட்டினால் உள்ளே கூழாங்கல் உருள்கிற மாதிரி சத்தம். வெயில் மேஜைக்கு வருவதற்கு எட்டு மணி ஆனது. அன்றிலிருந்து, காலைக் காபிக்கான தண்ணீரைப் படுக்கும்முன் பாத்திரத்திலேயே ஊற்றி மூடிவைத்துவிடுவேன். அது உறைந்தாலும் அப்படியே அடுப்பில் ஏற்றலாம்.

கீழே தெரியும் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு அங்கே காலங்காலமாக வாழும் பையூட் மக்கள் வைத்த பெயர் பாயஹூனடு. நீர் ஓடும் நிலம் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அந்த 'பாய'விலேயே தண்ணீர் பாய்வது போலக் கேட்கும், வெறும் தற்செயல்தான். 1913இல் கால்வாய் வெட்டி அந்த ஆற்றை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இருநூறு மைலுக்கு மேல் தள்ளிக் கொண்டுபோனது. பத்துப் பதினைந்து வருடத்தில் ஓவன்ஸ் ஏரி வற்றிவிட்டது. நீர் ஓடும் நிலத்துக்கு நாம் கேனில் தண்ணீர் கொண்டுபோகிறோம்.

ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா? பளிங்கு மாதிரி இருக்கிறதே?

சியரா பக்கம் ஓடைகள் உண்டு. பளிங்கு மாதிரிதான் இருக்கும், ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் இருக்கலாம். வயிற்றைப் புரட்டுவது ஒரு வாரம் கழித்து, ஆபீஸ் மீட்டிங் நடுவில். கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள், 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம். இல்லையென்றால் ஃபில்டர். குழல் வகை ஃபில்டர் ஒரு முறை நனைந்த பிறகு உறைந்துபோனால் உள்ளே விரிசல் விட்டுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. ராத்திரி அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு படுங்கள். வெள்ளை மலைகளிலும் யூரேகாவிலும் இந்தக் கேள்விக்கே இடமில்லை, அங்கே முகாம் பக்கத்தில் ஓடையே கிடையாது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சோறு வைக்க முடியுமா?

குக்கர் இருந்தால் முடியும். 2,600 மீட்டரில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி பார்த்து ஏமாறக் கூடாது. அரிசி பாதி வெந்து பாதி விறைத்து நிற்கும், துவரம்பருப்பு வேகவே வேகாது. 2 லிட்டர் குக்கர் ஒன்று எடுத்துக்கொண்டு, வீட்டில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள். அந்த விசில் சத்தத்துக்குப் பக்கத்து முகாமிலிருந்து ஒரு முறை ஆள் ஓடி வந்தார், ஏதோ வெடிக்கப் போகிறது என்று. அவருக்கும் ஒரு தட்டு சாம்பார் சாதம் போட்டு அனுப்பினோம்.

இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றால், முதல் நாள் ராத்திரிக்கு வீட்டிலிருந்து புளியோதரை. அது கெடாது, சூடு பண்ணவும் வேண்டாம். மறுநாள் காலை அவல் உப்புமா. அவலுக்குக் கொதிநீர்கூடத் தேவையில்லை. மதியம் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். ராத்திரி ரவை உப்புமா அல்லது சேமியா. உப்புமாவைக் கேலி செய்கிறவர்கள் மூன்று டிகிரி குளிரில் இஞ்சியும் நெய்யும் போட்ட உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு என்னிடம் பேசட்டும். வெங்காயம், மிளகாய், தாளிப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்து டப்பாவில் கொண்டுபோங்கள். இருட்டில் ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்குவது விரலுக்கு ஆகாது.

தயிர் வேண்டாம். பகல் வெயிலில் புளித்துப் பொங்கும், ராத்திரி உறையும்.

பார்ட்டியில் தோசை ஊற்றுகிற கேஸ் அடுப்பு போதுமா?

கோடையில் போதும். அதில் போடும் நீளமான குப்பியில் இருப்பது பியூட்டேன். அது பூஜ்ஜியம் டிகிரி வாக்கில் ஆவியாவதை நிறுத்திவிடும். குப்பி நிறைய கேஸ் இருக்கும், பர்னரில் நீலப் பொட்டுகூட வராது. குளிர்காலத்துக்கு ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பி, அல்லது பச்சை நிற புரொப்பேன் சிலிண்டர் அடுப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேம்ப்ஃபயர் பெர்மிட் ஒன்றும் வேண்டும். தேசியக் காட்டிலும் பொது நிலத்திலும், வசதி செய்த கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே, விறகு மட்டுமல்ல, கேஸ் அடுப்பைப் பற்றவைக்கவே அது அவசியம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஐந்து நிமிட வேலை. கோடையில் பெரும்பாலும் விறகு நெருப்புக்குத் தடை வந்துவிடும். போகிற வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். தடை இல்லாத நாளிலும், தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலைத் தொட்டுப் பார்த்துக் கை சுடவில்லை என்றால்தான் படுக்கப் போகலாம். அந்தத் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதால் நான் பெரும்பாலும் நெருப்பே மூட்டுவதில்லை.

கூடாரத்துக்குள்ளோ காருக்குள்ளோ அடுப்போ கரியோ கூடாது. கார்பன் மோனாக்சைடு வாடை தராமல் கொல்லும். குளிர் தாங்காமல் இப்படிச் செய்கிறவர்கள் இருப்பதால்தான் சொல்கிறேன்.

கரடி வருமா?

சியரா பக்கம் உண்டு. கறுப்புக் கரடிதான், கலிபோர்னியாவில் கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி இனம் 1920களிலேயே அழிந்துவிட்டது, மாநிலக் கொடியில் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. கறுப்புக் கரடிக்கு உங்கள் மேல் ஆசை இல்லை, உங்கள் சாம்பார்ப் பொடி மேல்தான். ஊறுகாய், பற்பசை, முகத்தில் பூசும் கிரீம், குழந்தை வாயிலிருந்து காரில் சிந்திய முறுக்குத் தூள் எல்லாமே அதற்கு உணவு வாசனை. யோசமிட்டி தேசியப் பூங்காவில் காரில் சாப்பாடு விட்டால் கதவையே வளைத்துத் திறந்துவிடும். இரும்புப் பெட்டி இருக்கும் முகாமில் அதற்குள் வையுங்கள். நடந்து போகும் இடங்களில் கரடி திறக்க முடியாத உருளை டப்பா பல பகுதிகளில் கட்டாயம்.

நிஜமான தொல்லை சின்ன பிராணிகளிடமிருந்துதான். எலி கூடாரத்தையே கடித்து உள்ளே வரும். சில எலிகளின் கழிவு மூலம் ஹன்டா வைரஸ் பரவும். 2012இல் யோசமிட்டியின் கூடார விடுதியில் தங்கியவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். பாலைவனத்தில் திறந்து கிடக்கும் பழைய சுரங்கக் குடிசைகளைப் பார்த்து ஆசைப்பட்டு உள்ளே படுக்க வேண்டாம். சீக்வோயா பூங்காவின் மினரல் கிங் பகுதியில் மார்மட் என்ற கொழுத்த அணில் வகை, கார் எஞ்சினுக்குள் புகுந்து ரேடியேட்டர் குழாயைக் கடிக்கும். வண்டியைத் தார்ப்பாயால் மூட்டை கட்டி நிறுத்தியிருப்பதை அங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

குளிருக்கு என்னென்ன வேண்டும்?

வளைகுடாப் பகுதிக் குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். பகலில் டி-ஷர்ட் போட்ட இடத்தில் ராத்திரி பனி உறையும்.

ஸ்லீப்பிங் பேக்கின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வெப்பநிலை பெரும்பாலும் தாங்கும் எல்லை மட்டும். நிம்மதியாகத் தூங்க அதைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் பேக்கைவிட முக்கியம் அடியில் போடும் பாய். குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது. குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண் ஆர் மதிப்பு; பாயில் அது 4க்கு மேல் இருக்கட்டும். வீட்டில் விருந்தாளிக்குப் போடும் காற்று மெத்தையைக் கொண்டுபோனால் அதற்குள் இருக்கும் காற்று ராத்திரி முழுக்கக் குளிர்ந்து உங்கள் உடல் சூட்டை அடியிலிருந்து உறிஞ்சும். எங்கள் முதல் பயணத்தில் அதைத்தான் செய்தோம்.

அப்புறம் மங்கி குல்லா. ஊட்டிக்குப் போகும்போது மாமா போட்டுக்கொண்டு வந்தால் சிரித்தோமே, அதேதான். அதற்கு இணையான பொருளை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை.

மேலே போனதும் தலை வலிக்கிறதே?

கடல் மட்டத்தில் இருந்து கிளம்பி அதே நாள் 2,600 மீட்டரில் படுத்தால் பலருக்கு வலிக்கும். தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம், முதல் நாள் ஓடியாடாதீர்கள். வாந்தி, தள்ளாட்டம், படுத்தாலும் மூச்சுத் திணறல் என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும். அரை மணி ஓட்டினால் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு, 1,200 மீட்டர். பிஷப் ஊரில் மருத்துவமனை இருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

மலைக்கு ஜூன் முதல் அக்டோபர் நடு வரை. பாலைவனத்துக்கு நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் டெத் வேலிக்குக் கூடாரம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், சவாலுக்குக்கூட வேண்டாம். 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரிதான் இன்றுவரை உலகச் சாதனையாகக் கணக்கில் இருக்கிறது. யோசமிட்டி வழியாகக் கடக்கும் டயோகா கணவாய் குளிர்காலத்தில் மூடிவிடும், சுற்றித்தான் வரவேண்டும்.

தேதி குறிக்கும்முன் தினசரி காலண்டரில் அமாவாசை எப்போது என்று பாருங்கள். டெத் வேலி 2013இல் இருண்ட வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்ற இடம். அமாவாசையில் பால்வெளி மேகம் மாதிரி தெரியும். மணல்மேட்டில் ராத்திரி நடக்க ஆசை என்றால் பௌர்ணமி.

கூடாரத்தை எங்கே போடுவது?

ஏற்கெனவே யாரோ போட்டுத் தழும்பேறிய இடத்தில். புது இடத்தை மிதித்துப் பாழாக்க வேண்டாம். வறண்ட ஓடைப்படுகை மட்டும் கூடவே கூடாது. மணல் மெத்தை மாதிரி இருக்கும், சமதளமாக இருக்கும், ஆசை காட்டும். இருபது மைல் தள்ளி மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே அந்த வழியாக வந்து சேரும். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மிச்சம் டெத் வேலியில் ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியது. ஒரு வருடத்து மழை அது. பூங்காவை இரண்டு மாதம் மூடிவைத்தார்கள்.

மணலில் முளை நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, பையைப் புதைத்துவிடுங்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது.

எங்கள் செடான் கார் போதுமா?

கிராண்ட்வியூவுக்குப் போதும். யூரேகா சாலை துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக இருக்கும். தரை உயரம் கொஞ்சம் கூடுதலான வண்டி நல்லது. ஷுல்மன் தோப்பைத் தாண்டிய மண் சாலையில் கற்கள் கத்தி மாதிரி. அங்கே ஸ்டெப்னி முழு அளவில் இல்லாமல் போகாதீர்கள். புது வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, ஒரு ரிப்பேர் டப்பாதான் இருக்கும். டிக்கியைத் திறந்து இன்றே பாருங்கள். வாடகை வண்டி என்றால் மண் சாலைக்குப் போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். மின்சார வண்டிக்கு சார்ஜர் நெடுஞ்சாலை ஊர்களோடு சரி. மலை ஏற்றம் பேட்டரியைக் குடிக்கும், இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கொடுக்கும்.

சிக்னல் இருக்காதா? ஏதாவது ஆனால்?

இருக்காது. அதனால் சில காரியங்கள் செய்யுங்கள். மேப்பை முழுவதுமாக இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் காட்டும் குறுக்குவழியை நம்பாதீர்கள், அது பல சமயம் கைவிட்ட சுரங்கப் பாதையாக இருக்கும். ஊரில் ஒருவரிடம் எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்பி மெசேஜ் போடுவோம், போடாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. கிளம்பும்முன் அதன் பயிற்சிப் பக்கத்தை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அடிக்கடி போகிறவர் என்றால் தனி செயற்கைக்கோள் கருவி வாங்கிவிடலாம். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதீர்கள். தேடி வருகிறவர்களுக்கு மனிதனைவிட கார் சீக்கிரம் கண்ணில் படும்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போகலாம், அவசரப்படாமல். முதல் ராத்திரி பிஷப்பில் மோட்டலில் தங்கி, மறுநாள் மேலே போங்கள். இதயம், மூச்சுத் தொல்லை இருந்தால் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான். இன்சுலின் உறைந்தாலும் கெடும், வெயில் காரில் கிடந்தாலும் கெடும், உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். தரையில் படுத்து எழ முழங்கால் ஒத்துழைக்காது, மடக்குக் கட்டில் ஒன்று வாங்குங்கள். ராத்திரி எழுந்து போகும் வழியில் கயிறு தடுக்காத மாதிரி கூடாரத்தைப் போட்டு, ஆளுக்கு ஒரு ஹெட்லேம்ப் கழுத்திலேயே மாட்டிவிடுங்கள்.

ஒரு ஜூன் மாதம் என் பெற்றோரைக் கூட்டிப் போயிருந்தேன். மாலை வரை அம்மாவுக்கு ஒரே புலம்பல்: "லட்ச லட்சமா செலவழிச்சு அமெரிக்கா வந்து, கிணத்தடி கூட இல்லாத இடத்துல கொண்டுவந்து உக்கார வெச்சிருக்கே." இருட்டியதும் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டினேன். வால் பக்கம் இரண்டாவது நட்சத்திரத்தை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி. "அதுதான் அருந்ததி." கல்யாணத்தில் பட்டப்பகலில் ஐயர் காட்டிய திசைக்குத் தலையாட்டியவர்கள் இரண்டு பேரும். நாற்பத்தாறு வருடம் கழித்து நிஜமாகவே பார்த்தார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "தெரியுது, தெரியுது" என்றார். அம்மா, "எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுது" என்றாள்.

குளிப்பது எப்படி?

குளிக்க மாட்டீர்கள். ஈரத்துண்டு.

குப்பையை எங்கே போடுவது?

உங்கள் டிக்கியில். தொட்டி கிடையாது. வாழைப்பழத் தோலும் ஆரஞ்சுத் தோலும் மக்கிவிடும் என்று வீசாதீர்கள், அந்த வறட்சியில் அடுத்த வருடமும் அங்கேயே கிடக்கும். கறிவேப்பிலை, மிளகாய்க் காம்பு உட்படத்தான். பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி, பருக்கையைப் பையில் போட்டுவிட்டு, தண்ணீரை விசிறித் தெளிக்க வேண்டும்.

தனியாக இருக்கப் பயமாக இல்லையா? ஆட்களால் ஆபத்து?

இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு மோசமான அனுபவமும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுவது நல்லது. பொது நிலங்கள் பலவற்றில் குறிபார்த்துச் சுடும் பயிற்சி சட்டப்படி அனுமதி. ஞாயிற்றுக்கிழமை காலை தூரத்தில் படபடவென்று துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பயந்து தரையில் படுக்க வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்றால் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள். பக்கத்தில் ஆள் வேண்டும் என்று தோன்றுகிறவர்களுக்குக் கிராண்ட்வியூ போன்ற முதல் படி முகாமே சரி. பெண்கள் மட்டும் போகிற என் தோழிகள், இருட்டும்முன் போய்ச் சேர்ந்து, வண்டியை வெளியே போகும் திசையில் திருப்பி நிறுத்துகிறார்கள். அதை நானும் இப்போது செய்கிறேன்.

போன பிறகு முடியவில்லை என்று தோன்றினால்?

கிளம்பிவிடுங்கள். ராத்திரி பதினொரு மணி ஆனாலும் சரி. ஒரு செப்டம்பரில் காற்று கூடாரத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டே இருந்தது. பெரியவள் அழ ஆரம்பித்தாள், சின்னவன் அவளைப் பார்த்து அழுதான். எல்லாவற்றையும் மடிக்காமல் காருக்குள் திணித்துக்கொண்டு பிஷப்பில் மோட்டல் பிடித்தோம். படுக்கப் போகும்போதுதான் தண்ணீர் கேன்களை மேலேயே விட்டுவிட்டது தெரிந்தது. காலையில் திரும்ப ஏறிப் போனோம். இரண்டு கேனும் மேஜை அடியில் வைத்த இடத்திலேயே இருந்தன. காற்று சுத்தமாக அடங்கியிருந்தது. அங்கேயே அடுப்பைப் பற்றவைத்து, காபி போட்டுக் குடித்துவிட்டு இறங்கினோம்.